இரண்டு முறை கைதட்டினால்

தம்பி ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை. அதுதான் அவளை முதலில் உலுக்கியது.

மின்தடைப் புகார் எண்ணில் போன் எடுப்பது அவள் வேலை. காலையிலிருந்து மாலை வரை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மனிதர்கள் கத்துவதைக் கேட்பாள். பேசுகிறவன் யோசித்துப் பேசுகிறானா, தயார் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிறானா என்பது அவளுக்கு முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். யோசிக்கிறவனுக்கு நடுவில் ஒரு "வந்து", ஒரு "இல்ல", ஒரு இருமலாவது வரும். ஒப்பிக்கிறவனுக்கு வராது. "தீப்பொறி வந்துச்சு, நாங்க ஒண்ணுமே பண்ணல" என்று மூச்சுவிடாமல் சொல்கிறவன் பெரும்பாலும் கம்பத்தில் கொக்கி போட்டுக் கரண்ட் திருடி மாட்டிக்கொண்டவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி பேசியபோது நடுவில் ஒன்றுமே இல்லை.

அவளை எல்லோரும் கரண்ட்டக்கா என்பார்கள். கல்யாணப் பேச்சை அவள் ஒரேயடியாக முறித்துவிட்ட பிறகு அம்மாவும் கோபம் வந்தால் அப்படித்தான் சொல்வாள். "கரண்ட்டம்மா வந்தாச்சு. இனி வீட்டுல ஒரே வெளிச்சம்."

அலுவலகத்தில் ஒருமுறை பயிற்சி வகுப்பு வைத்தார்கள். திட்டுகிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்று. மதியத்துக்கு மேல் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். இவள் தூங்கவில்லை. பயிற்சியாளர் கரும்பலகையில் நான்கு சொற்களை எழுதினார். பார்த்தது, பட்டது, வேண்டியது, கேட்பது. குற்றம் சாட்டாமல் பார்த்ததை மட்டும் சொல். அதனால் மனதில் பட்டதைச் சொல். என்ன வேண்டும் என்று சொல். பிறகு கேள். எதிரில் இருப்பவனுக்கும் இந்த நான்கும் உண்டு, அவன் கத்துவதற்குள் அவை ஒளிந்திருக்கின்றன, தேடு. இவ்வளவுதான். அவள் மறுநாளே முயன்று பார்த்தாள்.

"ஏம்மா, நீங்கள்லாம் மனுஷங்கதானா?"

"எவ்வளவு நேரமா கரண்ட் இல்ல சார்?"

"அதக் கேட்டு என்ன பண்ணப் போற? வந்து விசிறி விடப் போறியா?"

"வீட்டுல யாருக்காவது முடியலையா சார்?"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு வேறொரு குரல் வந்தது. "அப்பாவுக்கு மூச்சு வாங்குதும்மா."

அதே ஆள்தான். ஆனால் வேறு குரல். அந்தக் குரலுக்காகத்தான் அதன்பிறகு அவள் வேலைக்குப் போனாள் என்றுகூடச் சொல்லலாம்.

நாடகம் பின்னால் வந்தது. அவள் தெருவில் ரொட்டிக்கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தவன் ஒருநாள் அணியோடு போய்விட்டான். ஆற்றின் இக்கரை நம்முடையது, அக்கரையில் வந்து குடியேறியவர்கள் நம் வேலையையும் வீட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள் என்பது அணியின் பேச்சு. அவன் ஒரு காலையில் பாலத்தின் மேல், அதற்கு முன் பார்த்தே இராத ஒரு வெல்டரைக் குத்தினான். வெல்டர் பிழைக்கவில்லை. அவள் தினமும் அவன் கையால் ரொட்டி வாங்கியிருக்கிறாள். மாவு ஒட்டிய அந்தக் கை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மூடிக்கிடந்த துணிக்கடை ஒன்றின் மாடியைக் கேட்டு வாங்கினாள். கடைக்காரர் விட்டுப்போன தலையில்லாத பொம்மைகள் சுவரோரம் நின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். இரண்டு கரையிலிருந்தும். மாடிக்கு மூன்று விதிகள். வசனம் எழுதக்கூடாது, அந்த நேரத்தில் வருவதைப் பேச வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கிறவர் இரண்டு முறை கைதட்டினால் காட்சி நிற்கும், தட்டியவர் எழுந்து வந்து யாராவது ஒருவருடைய இடத்தை எடுத்துக்கொண்டு வேறு விதமாகப் பேசிப் பார்க்கலாம். மூன்றாவது, யாரும் பெயர் சொல்லக்கூடாது. பெயர் சொன்னால் எந்தக் கரை என்று தெரிந்துவிடும். ஆகவே பெயரைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட வேண்டும்.

மூன்றாவது விதி அவளுடைய சொந்த யோசனை. எல்லோரும் மெச்சிய யோசனை.

ஜெராக்ஸ் கடையில் வேலை செய்தவன், யாரைப் பார்த்தாலும் அப்படியே பேசிக் காட்டுவான். அவன் ஜெராக்ஸ் ஆனான். வெயிலானாலும் மழையானாலும் குடையோடு வரும் கல்லூரிப் பெண் குடை. பேருந்து நிலையச் சுவரை ஒட்டிய பெட்டிக்கடையில் டூப்ளிகேட் சாவி வெட்டும் தம்பி, கடைசியாக வந்து சேர்ந்தவன், சாவி. அவனுக்கும் அவளுக்கும் வயது வித்தியாசம் அதிகம். அப்பா இல்லாத வீட்டில் அவள் பாதி அம்மாவாகத்தான் இருந்தாள். மாடியில் அவன் நடிக்க வருவதில்லை. பொம்மைகளுக்கு நடுவில் உட்கார்ந்து விளக்கைப் போட்டு அணைப்பதோடு சரி.

அந்த ஞாயிறு, அணிக்காரன் ஒருவன் டீக்கடை பெஞ்சில் ஒரு பையனை மடக்குகிற காட்சி. பாலத்தில் நடந்ததை ஏற்கெனவே ஒருமுறை பூங்காவில் போட்டிருந்தார்கள்; அடுத்த ஞாயிறு மாடியிலேயே நிகழ்ச்சி. அக்கரையிலிருந்து முதல்முறையாக ஒரு பஸ் நிறையப் பார்வையாளர்கள் வருவதாக ஏற்பாடு. பையனாக ஜெராக்ஸ் உட்கார்ந்தான். அணிக்காரனாகக் குடை, மேலுதட்டில் மையால் மீசை வரைந்துகொண்டு வந்தாள்.

"டேய்! ரத்தம் கொதிக்கலையாடா உனக்கு?"

"காலைலேர்ந்து இந்தக் கடைல டீயே கொதிக்கலண்ணே."

மாடி சிரித்தது. அக்கா இரண்டு முறை கைதட்டினாள்.

"இப்படி வந்தா எவன் போவான்? ரொட்டிக்கடைக்காரன் அவ்வளவு முட்டாளா? நல்லவனா வாங்க. அவன்கிட்ட நல்லவனாத்தான் வந்திருப்பாங்க. யாரு பண்றீங்க?"

யாரும் எழவில்லை. பிறகு பொம்மைகளுக்கு நடுவிலிருந்து தம்பி எழுந்து வந்தான்.

"ஐயோ, சாவி நடக்குதுடா!" என்றாள் குடை. "நான் இதுவும் பொம்மைன்னுல்ல நெனச்சேன்."

அவன் பெஞ்சில் ஜெராக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சாப்டியா?"

"இல்லண்ணே."

"சாப்டலாம். அதுக்கு முன்னாடி உன்ன ஒண்ணு கேக்கணும். கடைசியா உன்ன யாரு பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க?"

ஜெராக்ஸ் விழித்தான். "ஆஸ்பத்திரில. டோக்கன் வந்தப்ப."

இரண்டு பேர் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. அந்தப் பதிலைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"பாத்தியா, யோசிக்க வேண்டியிருக்கு. கடைல உன்னத் தொழில வெச்சுக் கூப்பிடுறாங்க. வீட்டுல டேய். எங்ககிட்ட உனக்கு ஒரு பேர் இருக்கு. உங்கப்பா வெச்ச பேர். அத முழுசா சொல்லித்தான் கூப்பிடுவோம். உனக்குக் கோவம் வர்றது தப்பே இல்ல. அந்தக் கோவத்த யாராவது உக்காந்து கேட்டாங்களா? உங்கக்கா ஊருக்கெல்லாம் காது குடுக்குறாங்க. உன்கிட்ட என்னிக்காவது கேட்டாங்களா?"

ஜெராக்ஸ் திரும்பிப் பார்வையாளர்களைப் பார்த்தான். "எனக்கேதுடா அக்கா?"

மாடி அதிரச் சிரித்தது.

தம்பியின் பேச்சு அத்தோடு நின்றது. அவன் கண் ஒரு நொடி அவள் பக்கம் வந்து போயிற்று.

அவளுக்குக் காதுக்குள் கொய்யென்று ஒரு சத்தம் கேட்டது. இவன் அணிக்காரனாக நடிக்கவில்லை. இவனிடம் யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்கிறான். இதே பெஞ்சு, இதே சொற்கள். ஜெராக்ஸ் இருக்கும் இடத்தில் அன்று இவன் உட்கார்ந்து கேட்டிருக்கிறான்.

இரண்டு முறை கைதட்டியிருக்க வேண்டும். கைகள் மடியில் கிடந்தன. ஒன்றையொன்று தேடிக்கூடப் பார்க்கவில்லை. குடைதான் தட்டினாள், நிறுத்துவதற்காக அல்ல. எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஜெராக்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நெஜமா கூப்பிட்டிருந்தா நான் போயிருப்பேன்டா" என்றான். கைதட்டல் இன்னும் பலமாயிற்று.

வீட்டுக்கு நடந்தார்கள். தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன.

"யாருடா அது?"

"எது?"

"நடிக்காத."

"நடிக்கச் சொன்னதே நீதான?"

அவள் பார்த்ததைச் சொல்லவில்லை. பட்டதைச் சொல்லவில்லை. கத்தினாள். நடுத்தெருவில் அவன் சட்டையைப் பிடித்தாள். போனைக் கொடு என்றாள். எத்தனை நாளா, எவன் அவன், உனக்கு என்ன குறை வெச்சேன், அந்த வெல்டர் பொண்டாட்டி பாலத்துல கிடந்து உருண்டத நீயும்தானே பார்த்த என்றாள். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்று பார்த்தார். அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து பிரித்தெடுத்தான்.

"உங்க புகார் பதிவு செய்யப்பட்டது," என்றான். அவள் அலுவலகத்தில் நாளெல்லாம் சொல்லும் வாக்கியம், அதே இழுவையோடு. "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

வாசலில் அம்மா நின்றிருந்தாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். "என்ன, இன்னிக்கு நாடகத்துல யாராவது செத்துட்டாங்களா?"

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. மூன்றாவதோ நான்காவதோ அழைப்பில் ஒருவன் அவளையும் அவள் குடும்பத்தையும் சேர்த்துத் திட்டினான். அவள் வாய் தானாகக் கேட்டது. "வீட்டுல யாருக்காவது முடியலையா சார்?"

தன் குரல் ஹெட்போன் வழியாக அவளுக்கே கேட்டது. எவ்வளவு மெதுவான குரல். எவ்வளவு பொறுமை. முகம் தெரியாத ஒருவனுக்காக. நேற்று தெருவில் கேட்டது இதன் சாயல்கூட இல்லை. அதற்கு முன்பும், வீட்டுக்குள், இந்தக் குரல் என்றைக்கு வந்தது என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. அவள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "லைன்ல ஆள் இருக்காங்கம்மா" என்றார் சூப்பர்வைசர். அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

பெட்டிக்கடையில் ஒரு அம்மாள் அலமாரிச் சாவிக்காகக் காத்திருந்தார். அவள் அவருக்குப் பின்னால் நின்றாள். இன்னும் பல் வெட்டாத வெறும் சாவிகள் கொத்துக் கொத்தாக ஆணியில் தொங்கின. தம்பி குனிந்து மிஷினில் பல் வெட்டிக்கொண்டிருந்தான். பித்தளைத் தூள் அவன் முழங்கை வரை மின்னியது. அம்மாள் போனார்.

"என்ன சாவி?" நிமிராமல் கேட்டான்.

"நேத்து நீ பேசினதப் பார்த்தேன். எனக்குப் பயமா இருந்துச்சு. எனக்கு என்ன வேணும்னா..."

"ஆபீஸ் குரல்ல பேசாத."

அவள் வாயை மூடிக்கொண்டாள். பேருந்து ஒன்று ரிவர்ஸ் எடுத்தது. நடத்துநர் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே "வரலாம், வரலாம்" என்றார். அது நிற்கும்வரை காத்திருந்தாள். பிறகு மெல்ல இரண்டு முறை கைதட்டினாள்.

"நேத்துக் காட்சியில நான் உள்ள வரேன். நீ அந்த அண்ணன். நான் நீ."

"இங்கயா? லூசா உனக்கு? பஸ் ஸ்டாண்டுக்கா இது."

"பஸ் ஸ்டாண்டுல நடிக்காதவன் யாரு?"

அவன் உதட்டோரம் ஏதோ அசைந்தது. அவள் வாடிக்கையாளர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தோளைக் குறுக்கிக்கொண்டு, அவன் வீட்டில் உட்கார்வதைப் போல. அதைப் பார்த்ததும் அவன் மிஷினை நிறுத்தினான்.

"உங்கக்கா என்னிக்காவது உன்கிட்ட கேட்டாங்களா?" வேண்டா வெறுப்பாகத்தான் சொன்னான்.

"கேட்டதே இல்லண்ணே."

"நான் அப்படிச் சொல்லல."

"என்ன சொன்ன?"

"அவங்களுக்கு நேரமில்லண்ணேன்னு சொன்னேன்."

அவள் தலை குனிந்தாள். பிறகு அதே வாக்கியத்தை, அவனாகவே இருந்து, சொன்னாள். "அவங்களுக்கு நேரமில்லண்ணே. அப்புறம்?"

"எங்களுக்காக ஒண்ணு செஞ்சு தருவியான்னு கேட்டாரு."

"நான் என்ன சொல்லணும் இப்ப?"

"செஞ்சு தரேண்ணே."

"செஞ்சு தரேண்ணே. என்ன செய்யணும்?"

அவன் மேசை டிராயரைத் திறந்து ஒரு சாவியை எடுத்துப் பலகைமேல் வைத்தான். அவள் தன் பையிலிருந்து கொத்தை எடுத்தாள். எடுக்கும்போதே தெரிந்துவிட்டது. மாடியின் பின்கதவுச் சாவி. வீட்டில் ஆணியில் தொங்கும் கொத்திலிருந்து, அவள் குளிக்கப் போயிருந்த ஒருநாள், அச்சு எடுத்திருக்கிறான்.

"ஒரு பல்லு மட்டும் வெட்டல," என்றான். "வெட்டினா தொறக்கும்."

"ஏன் வெட்டல?"

"தெரியல."

"எதுக்காம் இது?"

"ஞாயித்துக்கெழம... சும்மா மெரட்டத்தான். அக்கரை ஆளுங்க உக்காந்திருக்கும்போது பின்பக்கமா பத்துப் பேர் வந்து கலாட்டா பண்ணிட்டுப் போயிடுவாங்களாம். யாரு மேலயும் கை வெக்க மாட்டாங்கன்னு சொன்னாரு. முன்பக்க ஷட்டர வெளியிலேர்ந்து இறக்கிடுவாங்க. போலீஸ் உடனே வந்துடக் கூடாதுன்னு."

சொல்லும்போது அவன் முகத்தில் எந்தக் கலக்கமும் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. அவன் அதைக் காட்சியாகப் பார்க்கவே இல்லை. வெறும் சொற்களாகக் கேட்டு வைத்திருக்கிறான்.

அவள் கத்தவில்லை. ஆணியிலிருந்து ஒரு கொத்து வெறும் சாவிகளை எடுத்துப் பலகையில் பரப்பினாள்.

"இது மாடி. இங்க ஷட்டர்." அரத்தைக் குறுக்கே வைத்தாள். "இறக்கியாச்சு. இது பின்கதவு. பத்துப் பேர் இங்க நிக்கறாங்க." பெரிய சாவிகளை நிறுத்தினாள். "இது குடை. இது ஜெராக்ஸ். இதெல்லாம் பஸ்ல வந்தவங்க, கைக்குழந்தையோட வந்தாலும் வருவாங்க. இது நான். நீ விளக்குக்கிட்ட, இங்க. சரியா? இப்ப சொல்லு. குடை எந்தப் பக்கம் ஓடுவா?"

அவன் அந்தச் சின்னச் சாவியைப் பார்த்தான். கையை நீட்டி அதை ஷட்டர் பக்கம் நகர்த்தினான். அரத்தில் முட்டியது. பின்பக்கம் நகர்த்தினான். அங்கே பெரிய சாவிகள். மறுபடி ஷட்டர் பக்கம் கொண்டுவந்தான். அதை அங்கேயே விட்டுவிட்டு விரலை எடுத்துக்கொண்டான்.

"அவ எந்தக் கரைக்கா?" என்றான்.

"எனக்குத் தெரியாது. அவங்களுக்கும் தெரியாது."

அப்போது சாலைக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். முழுப் பெயர். அப்பா வைத்தது. அதைக் காதில் கேட்டுப் பல வருஷமாகிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. அழகான பெயர்தான்.

இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா. சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர் போலிருந்தார். அவளைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"வணக்கம்க்கா. நீங்க இருப்பீங்கன்னு நெனைக்கல."

"என்னத் தெரியுமா?"

"தெரியாமலா? பூங்காவுல பாலத்து நாடகம் போட்டீங்களே, மொத வரிசைல இருந்தேன். நீங்க ஒரு பையன்கிட்ட கேட்டீங்க பாருங்க, என்ன நடந்துச்சு, உனக்கு எப்படி இருந்துச்சுன்னு. அவன் உடைஞ்சுட்டான். நான் அசந்துபோயிட்டேன். இப்ப எங்க பசங்களுக்கும் அதத்தான் சொல்லித் தரேன். மொதல்ல கேளுங்கடா, அப்புறம் பேசுங்கடான்னு."

கேலி இல்லை. நன்றியோடுதான் சொன்னார். அவள் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் தம்பி பக்கம் திரும்பி மறுபடி அந்தப் பெயரைச் சொன்னார். "ஆச்சா?"

"ஒரு நிமிஷம்ணே. ஒரு பல்லு பாக்கி."

தம்பி சாவியை எடுத்து மிஷினில் பொருத்தினான். அவள் அவனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். பழக்கத்தில் "டேய்" என்றுதான் வந்தது. மறுபடி திறந்தாள். பெயர் வந்தது, பாதியில் உடைந்து. அவன் நிமிரவில்லை. மிஷின் அலறத் தொடங்கியது. ஒரு பல் வெட்ட எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அது நீண்டுகொண்டே போயிற்று.

நின்றது. தம்பி இரண்டு முறை கைதட்டினான். பித்தளைத் தூள் பறந்தது.

சட்டைக்காரருக்கு அந்த விதி தெரியும். முதல் வரிசையில் உட்கார்ந்தவர். அவர் முகத்தில் புன்னகை அப்படியே இருக்க, கண் மட்டும் மாறியது.

"இது எதையும் தொறக்காதுண்ணே," என்றான் தம்பி. பல்லே இல்லாமல், கத்தியின் முதுகுபோல வழவழவென்று தேய்ந்திருந்தது சாவி. "வேணும்னா வெச்சுக்கங்க."

அவர் வாங்கிப் பார்த்தார். பேனாவுக்குப் பின்னால் பையில் போட்டுக்கொண்டார். "பரவால்ல. உனக்கு யோசிக்க நேரம் வேணும், புரியுது." குரல் அதே கனிவோடிருந்தது. "ஊர்ல வேற சாவிக்காரங்களும் இருக்காங்க. வரேன்க்கா." சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கடந்து போனார்.

தம்பி மிஷின் மேல் படிந்திருந்த தூளைத் துடைத்தான்.

"ஸ்டேஷனுக்குப் போகணும்," என்றாள்.

"போனா மொதல்ல என்னத்தான் உக்கார வெப்பாங்க."

"நானும் பக்கத்துல உக்காருறேன். அதுக்கு முன்னாடி அந்தப் பூட்ட மாத்தணும்."

மாடியின் பின்கதவில் புதுப் பூட்டை அவனே பொருத்தினான். பொம்மைகள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றன. அவள் டார்ச் பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வாசலில் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். சொன்னால் யார் யார் எழுந்து போவார்கள் என்றும் யோசித்தாள். முடிவுக்கு வரவில்லை.

அவன் பூட்டை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தான். புதுச் சாவிகள் இரண்டு. ஒன்றை அவளிடம் கொடுத்தான். மற்றதை உள்ளங்கையில் வைத்து நீட்டியபடி நின்றான்.

"இது யாருகிட்ட இருக்கணும்?"

பதில் உடனே வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த இடைவெளியை அவன் கவனித்தான் என்பதை அவளும் கவனித்தாள்.

"வந்து..." என்றாள். தொண்டையைச் செருமினாள். "இல்ல... நீ... நீயே வெச்சுக்க." பிறகு அவன் பெயரைச் சொன்னாள்.